1951 சான் ஃபிரான்சிஸ்கோ ஃபுட்பால் அணியைத் தேடிப் போய் நான் பட்ட பாடு

பழைய கல்லூரி அணி ஒன்றைப் பற்றி நீங்களே தேடிப் பிடித்து எழுதப் போகிறீர்கள் என்றால், பணம் எதுவும் செலவழிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன குளிர்காலம் முழுக்க நான் அந்த வேலையில்தான் இருந்தேன். 1,200 டாலருக்கு மேல் கையை விட்டுப் போனது. ஆபீசில் சேர்த்து வைத்திருந்த விடுமுறையெல்லாம் கரைந்தது. இப்படி ஒரு வேலையைச் செய்த ஒருவர் கூட எனக்குத் தெரிந்தவர்களில் இல்லை. எங்கே போகவேண்டும், யாரிடம் கேட்கவேண்டும், யாரை நம்பக்கூடாது என்று சொல்ல ஆளே இல்லாமல் ஒவ்வொன்றையும் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அது உங்களுக்கு வேண்டாம்.

எதற்காக ஆரம்பித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் யூனிவர்சிட்டி ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோவில் சேர்ந்தபோது அவளுக்குக் கிடைத்த விடுதியின் பெயர் பர்ல் டோலர் ஹால். யார் இந்த டோலர் என்று கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்தால், 2017 வரைக்கும் அந்தக் கட்டிடத்துக்கு ஜேம்ஸ் ஃபீலன் என்பவரின் பெயர் இருந்திருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ மேயராகவும் அமெரிக்க செனட்டராகவும் இருந்தவர். 1920 தேர்தலில் ‘கலிஃபோர்னியாவை வெள்ளையாகவே வைத்திருப்போம்’ என்று சொல்லி ஓட்டுக் கேட்டவர். அவர் வரவிடக்கூடாது என்றது ஜப்பானியர்களை, ஆசியர்களை, அதாவது நம்மைப் போன்றவர்களை. அந்தப் பெயரை எடுத்துவிட்டு, 1951-ல் அதே கல்லூரிக்கு ஃபுட்பால் (காலால் உதைக்கும் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பால்) ஆடிய ஒரு கறுப்பின மாணவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் பிப்ரவரி மாதம் கறுப்பின வரலாற்றுக்காகப் பிள்ளைகளுக்கு ஒரு நிகழ்ச்சி வைப்பார்கள். இந்த அணியைப் பற்றித் தமிழில் ஒரு சிறு புத்தகமும், சுவரில் மாட்ட நாலைந்து படங்களும் தயார் செய்யலாமே என்று நானே முன்வந்தேன்.

கதை என்னவென்று தெரியாதவர்களுக்காக: யூ.எஸ்.எஃப். என்று சுருக்கிச் சொல்லும் யூனிவர்சிட்டி ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோ, ஜெசூட் பாதிரிமார்கள் நடத்தும் சிறிய கல்லூரி, கோல்டன் கேட் பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. 1951 பருவத்தில் அவர்களுடைய ஃபுட்பால் அணி ஆடிய 9 ஆட்டங்களிலும் ஜெயித்தது. பயிற்சியாளர் ஜோ குஹாரிச். அணியில் இரண்டே கறுப்பின வீரர்கள், ஆலி மேட்சன், பர்ல் டோலர். இரண்டு பேரும் அதற்கு முன்னால் சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜில் ஒன்றாக ஆடியவர்கள். அந்த வருஷம் நாட்டிலேயே பந்தைத் தூக்கிக்கொண்டு அதிக தூரம் ஓடியவர் மேட்சன், 1,566 கஜம். நியூயார்க் போய் ஃபோர்டம் கல்லூரியோடு ஆடிய ஆட்டம்தான் ரொம்ப நெருக்கமானது, 32-26. அதில் எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துக் கிட்டத்தட்ட மைதானம் முழுக்க ஓடி டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் போய்ப் புள்ளி எடுப்பது) போடுவதை மேட்சன் இரண்டு தடவை செய்தார். நவம்பரில் ஸ்டாக்டனில் காலேஜ் ஆஃப் பசிஃபிக் அணியை 47-14 என்று அடித்தார்கள், கடைசியாக லயோலாவை 20-2.

இப்படிப் பருவம் முழுக்கத் தோற்காத அணியை, புத்தாண்டை ஒட்டி நடக்கும் பெரிய பவுல் ஆட்டங்களில் ஏதாவது ஒன்றுக்குக் கூப்பிடுவார்கள். அந்த ஆட்டத்தில் வரும் பணம் சின்னக் கல்லூரிகளுக்குப் பெரிய தொகை. யூ.எஸ்.எஃப். அணியை யாரும் கூப்பிடவில்லை. மேட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வருவதாக இருந்தால் இடம் உண்டு என்று, இனப்பிரிவினை இருந்த அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து தகவல் வந்தது, அப்படியென்றால் நாங்கள் யாருமே வரவில்லை என்று மொத்த அணியும் மறுத்துவிட்டது. அந்த அணியில் இருந்தவர்கள் பல பத்தாண்டுகளாக ஒரே குரலில் சொல்லிவந்தது இதைத்தான். பருவம் முடிந்த கையோடு, செலவு கட்டுப்படியாகவில்லை என்று கல்லூரி ஃபுட்பாலையே நிறுத்திவிட்டது. பவுல் பணம் வந்திருந்தால் அணி பிழைத்திருக்கும் என்று வீரர்கள் நம்பினார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தொண்டை அடைத்தது. பெரும்பாலும் இருபது இருபத்திரண்டு வயதுப் பையன்கள். அவர்களில் ஒருவரான ஜீனோ மார்கெட்டி இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் சண்டை போட்டுவிட்டு வந்து படித்தவர். ‘அந்த இரண்டு பேரை மட்டும் விட்டுவிட்டு வாருங்கள்’ என்பதை இவர்கள் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

சரி, இனி நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் அடி, கையெழுத்துப் போட்ட ஆட்டக் கையேடு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மைதானத்தில் ஒரு கையேடு விற்பார்கள். வீரர்களின் பெயர், எண், உயரம், எடை எல்லாம் அதில் இருக்கும். ஃபோர்டம் ஆட்டத்தின் கையேடு ஒன்று, மேட்சன், டோலர், மார்கெட்டி, அதே அணியில் ஆடிய பாப் செயின்ட் கிளேர் நான்கு பேரும் ‘அன்றைக்கே’ கையெழுத்துப் போட்டது என்று, இணையத்தில் பழம்பொருள் விற்கும் ஒருவர் 420 டாலருக்குப் போட்டிருந்தார். பிள்ளைகள் நேரில் பார்த்தால் எப்படி இருக்கும் என்ற ஆசையில் வாங்கினேன். வந்து சேரவே ஐந்து வாரம் ஆனது. கூடவே ‘உண்மைச் சான்றிதழ்’ என்று பளபளவென்று ஒரு அட்டை. அதை அச்சடித்தவரும் விற்றவரேதான் என்பது அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

விளையாட்டுப் பொருட்கள் சேகரிக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்த உடனேயே இல்லையென்று தலையாட்டினார். நான்கு கையெழுத்தும் ஒரே கறுப்பு மார்க்கர் பேனாவில் இருந்தது. ஷார்ப்பி மாதிரிப் பேனாக்கள் கடைக்கு வந்ததே 1964-ல்தான். 1951-ல் கையெழுத்து வாங்கியிருந்தால் மை பேனாவிலோ பென்சிலிலோ அப்போதைய பால்பாயிண்டிலோதான் இருந்திருக்கும். ‘பின்னால் ஏதாவது சந்திப்பில் வாங்கியிருக்கலாமே’ என்று நான் கேட்டதற்கு, ‘வாங்கியிருக்கலாம், ஆனால் விற்றவர் 1951 என்று எழுதித்தானே விற்றார், ஒரு விஷயத்தில் பொய் சொன்னவர் மற்றதில் மட்டும் ஏன் உண்மை சொல்லப்போகிறார்’ என்றார். விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை. அந்த விற்பனைத் தளத்தில் புகார் கொடுக்கும் கெடுவைப் பார்த்தால், பார்சல் வழியில் இருந்த நாட்களிலேயே பாதி தீர்ந்து, நான் பெரியவரைப் பிடித்து விசாரித்து முடிப்பதற்குள் மீதியும் முடிந்திருந்தது. கார்டு கம்பெனியிடம் முறையிட்டேன், போலி என்பதற்கு எழுத்து மூலமான சான்று கேட்டார்கள். அந்தச் சான்றுக்கு ஆகும் செலவைக் கேட்டபோது விட்டுவிடலாம் என்றே தோன்றியது. வயிறு எரிந்தது. போலிக் கையெழுத்தில் டோலரின் பெயர் இருப்பதுதான் எனக்குப் பணத்தை விட அதிகமாக வலித்தது.

இதில் உங்களுக்குச் சொல்ல வேண்டியவை: உங்கள் நோக்கம் எழுதுவதுதான், சேகரிப்பதல்ல என்றால் கையெழுத்துப் போட்டதை வாங்கவே வேண்டாம். கையெழுத்து இல்லாத அதே கையேட்டிலும் அதே தகவல்தான் இருக்கும். அதையும் முதலில் அந்தந்தக் கல்லூரி நூலகத்தின் காப்பகத்தில் கேளுங்கள். எதிரணிக் கல்லூரியையும் மறக்காதீர்கள், கையேட்டை அச்சடிப்பது பெரும்பாலும் எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊர்க் கல்லூரிதான். வாங்கியே தீரவேண்டும் என்றால், பணம் கட்டுவதற்கு முன்பே கையெழுத்தை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், என்ன பேனா என்று பாருங்கள், சான்றிதழ் கொடுத்தது விற்பவரோடு சம்பந்தமில்லாத ஆளா என்று பாருங்கள். புகார்க் கெடு எந்த நாளிலிருந்து கணக்கு என்பதை வாங்கும் முன்பே படித்துக் காலண்டரில் குறித்துவையுங்கள். பார்சல் வந்த அன்றே பிரித்து, அதே வாரத்தில் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்தது, பணத்தை விட நேரத்தை அதிகமாகத் தின்ற விஷயம். அந்த இருவரை விட்டுவிட்டு வரச்சொன்ன பவுல் அழைப்பு யாரிடமிருந்து, எந்தத் தேதியில், எந்த வடிவத்தில் வந்தது? பிள்ளைகளுக்கு எழுதுவதால் சரியாக எழுதவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஒரு கட்டுரை மயாமியில் நடக்கும் ஆரஞ்சு பவுல் என்கிறது, இன்னொன்று ஷுகர் பவுலையும் கேட்டர் பவுலையும் சேர்க்கிறது. எந்த இடத்தில், யார் வந்து சொன்னார்கள் என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. நான் கடிதத்தைத் தேடினேன். ‘இந்த இருவரை விட்டுவிட்டு வாருங்கள்’ என்று எழுதிய ஒரு காகிதம், ஒரு தந்தி, ஏதாவது. பார்ட் ரயிலில் சிவிக் சென்டர் வரை போய், சான் ஃபிரான்சிஸ்கோ பொது நூலகத்தில் மைக்ரோஃபிலிம் (பழைய பேப்பர்களைப் பொடிதாகப் படம் பிடித்து வைத்த ஃபிலிம் சுருள்) கருவிக்கு முன்னால் உட்கார்ந்து, நவம்பர் டிசம்பர் மாதத்து விளையாட்டுப் பக்கங்களைக் கண் எரிய எரிய உருட்டினேன். அப்படி ஒரு காகிதம் எனக்குக் கிடைக்கவே இல்லை. பேப்பரில் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட காரணம் வேறு: இந்த அணியின் எதிரணிகள் பலமானவை இல்லை என்பது.

இந்த இடத்தில்தான் நான் மனம் உடைந்து, விட்டுவிடலாமா என்று நினைத்தேன். எதிரணிப் பட்டியலைப் பார்த்தால் அந்தக் காரணத்தை ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை. சான் ஹோசே ஸ்டேட்டோடு இரண்டு தடவை ஆடியிருக்கிறார்கள், ராணுவ, கடற்படை முகாம் அணிகளோடு ஆடியிருக்கிறார்கள். ஏ.பி. (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் கடைசியில் 14-வது இடம்தான். ஆரஞ்சு பவுலில் ஆடிய ஜார்ஜியா டெக், பேலர் இரண்டும் அதற்கு மேலே இருந்தவை. அதோடு, தெற்கிலே கறுப்பினத்தவர் ஆடவே முடியாது என்றும் ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 1948-ல் டாலஸில் காட்டன் பவுலில் பென் ஸ்டேட் அணிக்காகக் கறுப்பின வீரர்கள் ஆடியிருக்கிறார்கள். இந்த அணியிடம் 47-14 என்று தோற்ற காலேஜ் ஆஃப் பசிஃபிக்கே டெக்சஸின் எல் பாசோவில் நடந்த சன் பவுலுக்குப் போனது, அவர்களுடைய கறுப்பின வீரர் எடி மேக்கன் அதில் ஆடினார். இதையெல்லாம் இனிமையான கட்டுரைகள் எதுவும் சொல்வதில்லை. நான் இதைச் சொன்னால் பிள்ளைகள் முன்னால் அந்த அணியின் மதிப்பைக் குறைக்கிறேனோ என்ற பயம் எனக்கு.

ரொம்ப நாள் யோசித்தபின், சொல்வதுதான் அவர்களுக்கு மரியாதை என்று முடிவெடுத்தேன். ஏனென்றால் மறுபக்கத்துச் சான்றும் கெட்டியானது. ஷுகர் பவுலில் முதல் கறுப்பின வீரராக பிட்ஸ்பர்க்கின் பாபி க்ரியர் ஆடியது 1956-ல்தான். அதையே தடுக்க ஜார்ஜியா மாநில கவர்னர் மார்வின் கிரிஃபின் பகிரங்கமாகப் போராடினார். அதற்கு நாலு வருஷம் முன்னால் மேட்சனையும் டோலரையும் கூப்பிட ஒரு பவுல் குழு ஆவலோடு காத்திருந்திருக்கும் என்று நம்ப முடியுமா? பத்திரிகையில் போட எதிரணிப் பலம் என்ற காரணம் வசதியாக இருந்திருக்கும், உள்ளே வாய்மொழியாக வந்தது வேறாக இருந்திருக்கும். இப்படிப்பட்ட நிபந்தனையை யாரும் காகிதத்தில் எழுதிக் கொடுப்பதில்லை. என் புத்தகத்தில் ‘இது பத்திரிகையில் வந்தது’, ‘இது வீரர்கள் பின்னால் சொன்னது’, ‘இது நான் சேர்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டது’ என்று மூன்றையும் தனித்தனி வாக்கியமாக வைத்தேன். நீங்கள் எந்த அணியைப் பற்றி எழுதினாலும் இதை முதல் நாளிலிருந்தே செய்யுங்கள். நோட்டில் எழுதும்போதே பக்கத்தில் அது எந்த வகை என்று குறித்துவிட்டால், கடைசியில் எல்லாம் கலந்துபோய் எனக்கு வந்தது போலத் தலைவலி வராது.

மைக்ரோஃபிலிம் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் ஆட்டத் தேதிகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஆட்டமும் சனிக்கிழமை என்று நினைக்காதீர்கள், இந்த அணி வெள்ளியிலும் ஞாயிறிலும் கூட ஆடியிருக்கிறது. செய்தி மறுநாள் காலைப் பேப்பரில் இருக்கும், ஆனால் சுவையான விவரம் எல்லாம் திங்கள், செவ்வாய்ப் பேப்பர்களின் பத்திகளில்தான் இருக்கும். காலைப் பேப்பரோடு நிறுத்தாமல் மாலைப் பேப்பரையும் கேளுங்கள், அன்றைக்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் இரண்டுமே உண்டு. கல்லூரியின் மாணவர் பத்திரிகை ‘ஃபாக்ஹார்ன்’ எனக்குப் பெரிய பேப்பர்களை விட அதிகம் கொடுத்தது. கலிஃபோர்னியாவின் பழைய பேப்பர்கள் பலவற்றை இணையத்தில் இலவசமாகத் தேடக் கொடுக்கும் மாநில அளவிலான களஞ்சியம் ஒன்றும் இருக்கிறது, ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன் அதைப் பாருங்கள். தரவரிசை எண்களை எடுக்கும்போது கவனம்: அந்தக் காலத்தில் ஏ.பி.யின் கடைசிப் பட்டியல் பவுல் ஆட்டங்களுக்கு முன்பே வந்துவிடும். அந்த வருஷம் முதலிடம் வாங்கிய டென்னசி, அதற்குப் பிறகுதான் ஷுகர் பவுலில் மேரிலாண்டிடம் தோற்றது.

ஃபோர்டம் ஆட்டத்தின் செய்தியைத் தேடி அந்த வாரத்துப் பேப்பரை உருட்டும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதே 1951 அக்டோபர் 20 அன்று, ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில், டிரேக் கல்லூரியின் கறுப்பின வீரர் ஜானி பிரைட்டை எதிரணி வீரர் ஒருவர், பந்து பிரைட்டிடம் இல்லாதபோதே, வேண்டுமென்றே தாக்கித் தாடையை உடைத்தார். டெ மாய்ன் ரெஜிஸ்டர் பத்திரிகையின் புகைப்படக்காரர்கள் அதை வரிசையாகப் படம் பிடித்தார்கள், அந்தப் படங்களுக்கு அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்த எதிரணியின் கல்லூரியான ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2005-ல். மேட்சன் நியூயார்க்கில் ஓடிக்கொண்டிருந்த அதே நாள். நூலகத்தில் பக்கத்துக் கருவியில் யாரோ ஒருவர் வீட்டுப் பத்திரம் தேடிக்கொண்டிருந்தார், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எதையும் உருட்டாமல் இருந்தேன். தெற்கே போய் ஆடுவது என்றால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்கு வேறு கிடைக்கவில்லை. புத்தகத்தில் இதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்தேன்.

இனி படங்கள். இதில்தான் எனக்கு நிஜமான பயம் வந்தது. பழைய பத்திரிகைப் படங்களை விற்கும் ஒரு நிறுவனத்தின் தளத்தில் இந்த அணியின் படங்கள் ஐந்து கிடைத்தன. படம் ஒன்றுக்கு 90 டாலர், ‘அச்சிடும் உரிமத்தோடு’ என்று போட்டிருந்தது. 450 டாலர் கட்டினேன். ரசீது வந்தது, படமும் வந்தது. ஒரு மாதம் கழித்து அவர்களே இன்னொரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். நான் வாங்கியது வீட்டில் வைத்துப் பார்க்க மட்டும்தானாம், நிகழ்ச்சியில் மாட்டுவதற்கும் புத்தகத்தில் போடுவதற்கும் இன்னும் 900 டாலர் கட்டவேண்டுமாம், இல்லையென்றால் வழக்காம். நிகழ்ச்சி அறிவிப்பை எங்கேயோ பார்த்திருக்கிறார்கள். வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு ‘வழக்கு’ என்ற சொல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குடியுரிமை விண்ணப்பம் வேறு பாக்கி இருந்தது. வீட்டில் சொன்னால் ‘உனக்கு எதற்கு இந்த வேலை’ என்பார்கள் என்று சொல்லவும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து அந்தக் கடிதத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

கடைசியில் இலவச சட்ட ஆலோசனை நடக்கும் ஒரு மாலையில் போய்க் காட்டினேன். அந்த வழக்கறிஞர் அம்மா கேட்ட முதல் கேள்வி, ‘இந்தப் படத்தின் பதிப்புரிமை இவர்களுடையது என்பதற்கு என்ன காட்டினார்கள்?’ ஒன்றும் காட்டவில்லை. பழைய படத்தின் பிரதியை ஒருவர் வாங்கி வைத்திருப்பதால் மட்டும் அதன் பதிப்புரிமை அவருக்கு வந்துவிடாது. பத்திரிகையின் ஊழியர் எடுத்த படம் என்றால் உரிமை பத்திரிகைக்கு. அது மட்டுமல்ல, அமெரிக்காவில் 1951-ல் அச்சில் வெளியானவற்றுக்குப் பதிப்புரிமை முதலில் 28 வருஷம்தான், அதாவது 1979-ல் அதைப் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் அது எல்லோருக்கும் பொது. 1978-க்குப் பிறகு செய்த புதுப்பிப்புகள் அரசின் பதிப்புரிமை அலுவலகத்து இணையப் பட்டியலில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். (எல்லாப் படத்துக்கும் இதே கணக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அச்சில் வெளிவராமல் பெட்டியில் கிடந்த படங்களுக்குச் சட்டம் வேறு.) அவர் சொன்னபடி இரண்டே வரியில் பதில் எழுதினேன்: உரிமை உங்களுடையது என்பதற்கான ஆவணத்தையும் பதிப்புரிமைப் பதிவு எண்ணையும் அனுப்புங்கள். அமெரிக்கப் படைப்பு என்றால் பதிவு செய்யாமல் வழக்குப் போட முடியாதாம். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. 450 டாலரும் திரும்பி வரவில்லை.

அதற்கப்புறம்தான் தெரிந்தது, பொது நூலகத்தின் ஆறாவது மாடியில் சான் ஃபிரான்சிஸ்கோ வரலாற்று மையம் என்று ஒன்று இருப்பது, ‘நியூஸ்-கால் புல்லட்டின்’ என்ற பழைய மாலைப் பேப்பரின் படத் தொகுப்பு அங்கேயே இருப்பது. ‘எக்சாமினர்’ பேப்பரின் படத் தொகுப்பு பெர்க்லியில் பான்கிராஃப்ட் நூலகத்தில் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் எந்தப் படம் யாருடையது, யாரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்கள். அதனால் எந்தப் படமானாலும் முதலில் அதன் பின்பக்கத்தைக் கேளுங்கள். பத்திரிகை முத்திரை, தேதி, புகைப்படக்காரர் பெயர், ஒட்டிய துண்டுச் செய்தி எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். பின்பக்கத்தைக் காட்ட மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். ‘உரிமத்தோடு’ என்று போட்டிருந்தால், எதற்கு, எத்தனை பிரதிக்கு, எத்தனை நாளைக்கு என்பதைப் பணம் கட்டும் முன்னாலேயே எழுத்தில் வாங்குங்கள். மிரட்டல் கடிதம் வந்தால் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். நான் தனியாக வைத்துப் புழுங்கிய அந்த இரவுகளை நினைத்தால் இப்போதும் என்னவோ செய்கிறது.

பெரியவர்களிடம் பேசுவது பற்றியும் ஒரு விஷயம். சிறுவயதில் கீசார் மைதானத்தில் அந்த அணியைப் பார்த்ததாகச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரிந்தவர்கள் அறிமுகம் செய்தார்கள். தொண்ணூறை நெருங்கும் வயது. அன்பாகப் பேசினார், ஆனால் ஸ்டாக்டனில் நடந்த ஆட்டத்தையும் கீசாரில் நடந்த ஆட்டத்தையும் சேர்த்து ஒன்றாகச் சொன்னார். இப்படிப்பட்டவர்களைத் திருத்தாதீர்கள். ஸ்கோரையும் தேதியையும் பேப்பரில் எடுத்துக்கொள்ளலாம், பேப்பரில் இல்லாததைத்தான் அவரிடம் கேட்கவேண்டும். டிக்கெட் வாங்க அப்பாவிடம் எப்படிக் கெஞ்சினார், பூங்காப் பக்கத்திலிருந்து வரும் பனிமூட்டத்தில் எதிர்ப்பக்க கோல்போஸ்ட் எப்படி மறைந்துபோகும் என்று கேட்டபோது அவர் முகமே மாறிவிட்டது. பழைய போட்டோ ஒன்றைக் கையில் கொடுத்துப் பேச்சை ஆரம்பியுங்கள், முன்கூட்டியே அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளியும் போடாதீர்கள். டோலர் 2009-ல் போய்விட்டார், மேட்சன் 2011, செயின்ட் கிளேர் 2015, மார்கெட்டி 2019.

அவர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்பதைத்தான் பிள்ளைகள் அதிகம் கேட்டார்கள். மேட்சன் 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கினார். 1959-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் என்ற தொழில்முறை அணி அவர் ஒருவருக்காக ஒன்பது பேரைக் கொடுத்தது. அந்தப் பேரத்தைச் செய்த பீட் ரோசெல், 1951-ல் இதே கல்லூரி அணியின் பத்திரிகைத் தொடர்பாளராக இருந்தவர், பின்னால் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை ஃபுட்பால் அமைப்புக்கே தலைமை ஆணையர் ஆனார். மேட்சன், மார்கெட்டி, செயின்ட் கிளேர் மூன்று பேருக்கும் தொழில்முறை ஃபுட்பாலின் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது. டோலருக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. கல்லூரி நட்சத்திரங்கள் ஆடும் ஒரு ஆட்டத்தில் முழங்கால் உடைந்து, தொழில்முறையில் ஆடாமலேயே நின்றுபோனார். ஆசிரியராகி, சான் ஃபிரான்சிஸ்கோவில் பள்ளித் தலைமையாசிரியரானார். 1965-ல் என்.எஃப்.எல்.லின் முதல் கறுப்பின நடுவரானார், 1980-ல் அதன் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலிலும் நடுவராக நின்றார். எனக்கு இவரைத்தான் ரொம்பப் பிடிக்கும். 2006-ல் கல்லூரி அந்த அணியில் உயிரோடு இருந்தவர்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தபோது டோலரும் மேட்சனும் இருந்தார்கள் என்பதில் ஒரு ஆறுதல்.

கடைசி நஷ்டம் அச்சகத்தில். அந்த உரிமக் குழப்பத்தால் படப் பக்கங்களை உரிய நேரத்தில் கொடுக்க முடியாமல், கட்டிய முன்பணம் 350 டாலர் போனது, பிப்ரவரி நிகழ்ச்சிக்குப் புத்தகமும் வரவில்லை. சுவரில் பேப்பர் செய்திகளின் நகல்களை மட்டும் மாட்டி, நான் வாயால் சொன்னேன். பிள்ளைகள் கேட்ட கேள்விகளால் பிறகு புத்தகம் இன்னும் நன்றாகவே வந்தது, ஏப்ரலில் கையில் கொடுத்தோம். நீங்கள் அச்சகத்துக்கு முன்பணம் கட்டுவதை எல்லாப் படத்துக்கும் எழுத்துமூல அனுமதி கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காப்பகங்களில் ஸ்கேன் செய்து கொடுக்கப் பல வாரம் ஆகலாம், பண்டிகைக் காலத்தில் இன்னும் இழுக்கும். பிப்ரவரிக்கு வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசியிலேயே, எந்தப் படம், எந்தத் தேதி, எதற்காக, எத்தனை பிரதி என்ற நான்கையும் ஒரே மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுவிடுங்கள்.